கீமோவுக்குப் பிறகு பிளாக்கி: ஏழாம் நாளை ஏன் கவனிக்க வேண்டும்?

உங்கள் வீட்டு வாசலில் நித்தியகல்யாணிச் செடி இருக்கிறதா? இளஞ்சிவப்பிலோ வெள்ளையிலோ ஐந்து இதழ்களோடு ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டே இருக்கும். கோயில் வளாகத்திலும் பள்ளித் தோட்டத்திலும் பார்த்திருப்பீர்கள். மலாயில் கெமுந்திங் சீனா என்பார்கள். மடகாஸ்கர் தீவுதான் இதன் பூர்வீகம். இந்தச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து, 1960களிலிருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. அதே மருந்தை இன்று கால்நடை மருத்துவர்கள் நாய்களுக்கும் ஏற்றுகிறார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் இலையைப் பறித்து அரைக்க வேண்டாம். செடியை அப்படியே தின்றால் மனிதனுக்கும் நாய்க்கும் நஞ்சு.)

இந்த வாரப் பாடத்துக்காக ஒரு நாயைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் பிளாக்கி. வயது 9, எடை 20 கிலோ, கலப்பினம். குளிப்பாட்டும்போது தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கட்டிகள் கையில் தட்டுப்படுகின்றன. அழுத்தினால் வலிப்பதாகத் தெரியவில்லை. வழக்கம்போல் சாப்பிடுகிறது, வாலை ஆட்டுகிறது. மருத்துவர் மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சில உயிரணுக்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார். லிம்போமா என்கிறார்.

லிம்போமா என்பது நிணநீர் மண்டலத்தில் தோன்றும் புற்றுநோய். நாய்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. சிகிச்சை எதுவும் தராவிட்டால் பெரும்பாலான நாய்கள் ஒன்று இரண்டு மாதங்களுக்குமேல் தாங்குவதில்லை. பல மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் கீமோதெரபியைத் தொடங்கினால் பத்து நாய்களில் எட்டு அல்லது ஒன்பது நாய்களுக்குக் கட்டிகள் வடிந்துவிடுகின்றன. ஆனால் வடிவது வேறு, குணமாவது வேறு. கண்ணுக்குத் தெரியாத சில புற்று உயிரணுக்கள் உடலில் தங்கிவிடுகின்றன. பெரும்பாலான நாய்களுக்கு நோய் திரும்பி வரும். அதிகம் காணப்படும் பி வகை லிம்போமாவில், சிகிச்சை பெறும் நாய்கள் வாழும் காலம் நடுத்தரக் கணக்கில் ஏறத்தாழ ஓராண்டு. சில இரண்டு ஆண்டுகளைத் தாண்டும்.

ஓராண்டுதானா என்று கேட்கத் தோன்றும். 9 வயது நாய்க்கு ஓராண்டு நீண்ட காலம். அந்த ஓராண்டு நல்ல ஆண்டாக அமைவது மருந்தை மட்டும் பொறுத்ததில்லை. ஊசி போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தபின் அடுத்த பத்து நாள்கள் வீட்டில் இருப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைச் செய்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. பள்ளி முடிந்து வந்து நாயோடு அதிக நேரம் இருப்பது பெரும்பாலும் நீங்கள்தானே?

வேகமாகப் பிரியும் உயிரணுக்கள்

படிவம் நான்கு உயிரியலில் மிட்டோசிஸ் படித்தவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும். இரு முனைகளிலிருந்தும் நூல்போன்ற கதிர் இழைகள் வந்து அவற்றைப் பிடித்து இழுக்கும். வின்கிரிஸ்டின் அந்த இழைகளைக் கட்டவிடாமல் தடுக்கிறது. குரோமோசோம்கள் நடுவழியில் நின்றுவிடுகின்றன. பிரிய முடியாத உயிரணு இறந்துபோகிறது.

பிளாக்கிக்குக் கொடுக்கும் மற்ற மருந்துகள் வேறு வழியில் வேலை செய்கின்றன. சைக்ளோபாஸ்பமைடும் டாக்சோரூபிசினும் டி.என்.ஏ.வைத் தாக்குகின்றன. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை லிம்போமா உயிரணுக்களை நேராகவே சாகடிக்கும். இந்த நான்கையும் ஓர் அட்டவணைப்படி மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். மொத்தத்தில் நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும்.

சிக்கல் எங்கே வருகிறது? இது புற்று உயிரணு, இது நல்ல உயிரணு என்று இந்த மருந்துகளுக்கு அடையாளம் தெரியாது. யார் வேகமாகப் பிரிகிறார்களோ அவர்கள்மீது பாய்கின்றன. ஆரோக்கியமான உடலிலும் வேகமாகப் பிரியும் உயிரணுக்கள் உண்டு. குடலின் உட்சுவர் சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. எலும்பு மஜ்ஜை ஓயாமல் இரத்த அணுக்களை உற்பத்தி செய்கிறது. மயிர்க்கால்களும் அப்படித்தான். கீமோவின் பக்க விளைவுகள் ஏறக்குறைய எல்லாமே இந்த மூன்று இடங்களில்தான் தெரியும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த நாளில் எதைப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்கே புலப்படும்.

முதலில் மயிரைப் பார்த்துவிடுவோம், அது எளிது. கீமோ என்றாலே நமக்கு முடி கொட்டிய மனிதத் தலைதான் நினைவுக்கு வரும். நம் தலைமுடியில் பெரும்பகுதி எந்நேரமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலான நாய்களின் மயிரோ ஓரளவு வளர்ந்ததும் ஓய்வில் நின்றுவிடும். ஓய்வில் இருப்பதை மருந்து தொடாது. ஆகவே பிளாக்கி மொட்டையாகாது. மீசை மயிர் சில உதிரலாம், ஊசிக்காகச் சிரைத்த இடத்தில் மயிர் மெதுவாக முளைக்கலாம், அவ்வளவுதான். முடி வெட்டிக்கொண்டே இருக்க வேண்டிய பூடில் போன்ற இனங்களுக்குத்தான் உதிர்வு அதிகம். காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

மருந்தின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீமோ மருந்துகளில் பலவற்றை எடைக்கு ஏற்பக் கொடுப்பதில்லை, உடலின் மேற்பரப்புக்கு ஏற்பக் கொடுக்கிறார்கள். 10 கிலோ நாயின் மேற்பரப்பு ஏறத்தாழ 0.47 சதுர மீட்டர். 20 கிலோ நாய்க்கு 0.94 என்று நினைப்பீர்கள். இல்லை, 0.74தான். எடை இரு மடங்கானால் மேற்பரப்பு 1.6 மடங்கே ஆகிறது. கனசதுரத்தின் கொள்ளளவையும் பரப்பளவையும் கணக்கிட்டுப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். இந்தக் கணக்கின்படி பிளாக்கிக்கு ஒரு தடவை ஏறும் வின்கிரிஸ்டின் ஏறத்தாழ அரை மில்லிகிராம். ஒரு சர்க்கரைத் துகள் அளவு. அந்த அரை மில்லிகிராமைக் கொடுக்கும் ஊசி நரம்பை விட்டு நழுவி மருந்து வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையே புண்ணாகிவிடும். மருத்துவர் அத்தனை நிதானமாக ஊசி போடுவதற்குக் காரணம் அதுதான். வீட்டுக்கு வந்தபின் அந்தக் காலில் சிவப்போ வீக்கமோ தெரிந்தால், அல்லது பிளாக்கி அதை நக்கிக்கொண்டே இருந்தால், உடனே தெரிவியுங்கள்.

முதல் மூன்று நாள்: கையுறை

கீமோ கொடுத்த நாளை 0 என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து இரண்டு மூன்று நாள்களுக்கு மருந்தும் அதன் சிதைவுப் பொருள்களும் சிறுநீர், மலம், வாந்தி வழியாக வெளியேறும். இவற்றைச் சுத்தம் செய்யும்போது ரப்பர் கையுறை அவசியம். மலத்தை இரட்டைப் பையில் கட்டிப் போடுங்கள். நாய் படுத்த துணியில் சிறுநீர் பட்டிருந்தால் வீட்டாரின் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுக்கக் கூடாது. சிறு பிள்ளைகளிடமும் வேண்டாம். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் நாயைப் பொது நடைபாதையில் சிறுநீர் கழிக்கவிடாமல், மண்ணும் புல்லும் உள்ள, பிள்ளைகள் விளையாடாத ஓர் இடத்துக்குக் கூட்டிப் போவது நல்லது.

அதற்காக நாயைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை. தடவிக் கொடுக்கலாம், பக்கத்தில் உட்காரலாம். முகத்தை நக்க விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கீமோ மாத்திரையாக வீட்டுக்கு வந்தால் அதை உடைக்கவோ பொடியாக்கவோ கூடாது. பெரியவர் ஒருவர் கையுறை போட்டு முழுதாகக் கொடுக்க வேண்டும்.

சைக்ளோபாஸ்பமைடு கொடுத்த நாளில் மட்டும் இன்னொரு வேலை இருக்கிறது. அந்த மருந்து உடலில் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள் சிறுநீர்ப்பையின் சுவரை அரிக்கும். சிறுநீர் உள்ளே தேங்கி நிற்கும் நேரம் குறையக் குறைய அரிப்பும் குறையும். ஆகவே தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். நாயை அடிக்கடி வெளியே கூட்டிப் போங்கள், தூங்குவதற்கு முன் கட்டாயமாக ஒரு தடவை. சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டாக்சோரூபிசின் கொடுத்த மறுநாள் சிறுநீர் செந்நிறமாக இருந்தால் அது மருந்தின் சொந்த நிறமாகவும் இருக்கலாம், ஏனெனில் அந்த மருந்தே சிவப்பு. எது எது என்று தெரியாவிட்டால் ஒரு படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள்.

இரண்டு முதல் ஐந்தாம் நாள்: குடல்

குடல் சுவரில் பழைய உயிரணுக்கள் உதிர்ந்து, புதியவை வரத் தாமதமாகும் நேரம் இது. வாந்தி, வயிற்றுப்போக்கு, பசியின்மை வரலாம். எல்லா நாய்க்கும் வராது. வந்தாலும் பெரும்பாலும் லேசாக வந்து ஓரிரு நாளில் போய்விடும். மனிதர்களுக்குக் கொடுப்பதைவிட மிதமான அளவில்தான் நாய்களுக்குக் கீமோ கொடுக்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள், பிறகு சரியாகிவிடும்" என்று ஒரு நாயிடம் சொல்லிப் புரியவைக்க முடியாதே.

குமட்டலை வாந்திக்கு முன்பே கண்டுபிடிக்கலாம். உதட்டை அடிக்கடி நக்கும், எச்சில் வடியும், ஒன்றும் இல்லாமலே விழுங்கும், கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அந்த நேரத்தில் பாசத்தில் அதற்கு மிகவும் பிடித்த உணவை வாயருகில் கொண்டுபோய் வற்புறுத்தாதீர்கள். குமட்டலையும் அந்த உணவையும் மூளை முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளும். உடல் தேறிய பிறகும் அதைத் தொடாது. வாந்தியைத் தடுக்க மருத்துவர் மாத்திரை தந்திருப்பார், அதை நேரத்துக்குக் கொடுங்கள்.

சாப்பாடு சிறிது சிறிதாக, நான்கைந்து வேளையாக இருக்கட்டும். குழைந்த அரிசிக் கஞ்சியில் தோலில்லாத கோழிக்கறியை வேகவைத்துப் பிய்த்துப் போட்டால் பல நாய்கள் சாப்பிடும். உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயமும் பூண்டும் அறவே கூடாது, அவை நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. நம் வீடுகளில் மீந்த குழம்புச் சோற்றை நாய்க்குப் போடும் பழக்கம் இருக்கிறது. அதை இப்போதாவது நிறுத்திவிடலாம். கஞ்சியை வெதுவெதுப்பாகக் கொடுத்தால் மணம் எழும். நாய்க்கு மூக்குதான் முதலில் சாப்பிடும். பச்சை இறைச்சி கொடுப்பவர்களும் இந்த மாதங்களில் நிறுத்திவிட வேண்டும். காரணம் அடுத்த பகுதியில் வரும்.

மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலோ, ஒரு நாள் முழுக்க எதுவும் உண்ணாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறான காட்சியையும் பார்ப்பீர்கள். பிரெட்னிசோலோன் சாப்பிடும் நாய்க்கு அகோரப் பசியும் தாகமும் எடுக்கும். குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும், மூச்சு வாங்கும், இத்தனை வருடம் ஒழுங்காக இருந்தது நடுக்கூடத்தில் சிறுநீர் கழித்துவிடும். அது மருந்தின் வேலை. திட்டாதீர்கள். இரவில் ஒரு தடவை கூடுதலாக வெளியே விடுங்கள். அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் கூடாது, மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஏழாம் நாள்

இப்போது பிளாக்கி நன்றாக இருக்கிறது. சாப்பிடுகிறது, பந்து பொறுக்குகிறது. வீட்டில் எல்லாரும் மூச்சு விடுகிறார்கள். உண்மையில் அதிகக் கவனம் வேண்டிய நாள்கள் இவைதான்.

ஏன் என்று பார்ப்போம். கிருமிகளை எதிர்க்க முதலில் ஓடிவரும் வெள்ளை அணுவுக்கு நியூட்ரோஃபில் என்று பெயர். இரத்தத்தில் அதன் வாழ்நாள் ஒரு நாளுக்கும் குறைவு. எலும்பு மஜ்ஜை புதியவற்றை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சீனப் பெருநாளுக்காக ஒரு பிஸ்கட் தொழிற்சாலை சில நாள் மூடப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிய அன்றே கடையில் பிஸ்கட் தீர்ந்துவிடாது, கிடங்கில் சரக்கு இருக்கும். சில நாள் கழித்து, தொழிற்சாலை மறுபடி திறந்துவிட்ட பிறகு, புதுச் சரக்கு வந்து சேர்வதற்குள் கடையின் அலமாரி காலியாகும். மஜ்ஜையிலும் இதுதான் நடக்கிறது. கீமோ, பிரிந்துகொண்டிருக்கும் இளம் அணுக்களை அழிக்கிறது. முதிர்ந்தவை கிடங்கில் இருப்பதால் முதல் சில நாள் குறை தெரியாது. ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், பல மருந்துகளுக்கு ஏழாம் நாளையொட்டி, எண்ணிக்கை அடிமட்டத்தைத் தொடும். பிறகு ஏறிவிடும். மஜ்ஜையின் மூல உயிரணுக்களில் பெரும்பாலானவை பிரியாமல் ஓய்வில் இருந்ததால் மருந்துக்குத் தப்பியவை. அவைதான் தொழிற்சாலையை மறுபடி ஓட்டுகின்றன.

அலமாரி காலியாக இருக்கும் அந்தச் சில நாள்களில் கிருமி நுழைந்தால் தடுக்க ஆளில்லை. கிருமி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. பெரும்பாலும் நாயின் சொந்தக் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களே, முன்பு சேதமான சுவர் வழியாக இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. பச்சை இறைச்சி வேண்டாம் என்றது இதனால்தான். இன்னொரு சிக்கல், சீழும் வீக்கமும் உண்டாக வேண்டுமானால் வெள்ளை அணுக்கள் வந்து சேர வேண்டும். அவையே இல்லாதபோது புண் புண்ணாகத் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளமாக இருக்கும். சில வேளை அதுவும் இராது, நாய் வெறுமனே சோர்ந்து கிடக்கும்.

ஆகவே தெர்மாமீட்டர் வேண்டும். மூக்கு ஈரமாக இருந்தால் காய்ச்சல் இல்லை என்று பெரியவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். கையால் தொட்டுப் பார்ப்பதும் உதவாது. நாயின் இயல்பான வெப்பநிலை 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. நமக்குக் காய்ச்சல் எனப்படும் சூடு அதற்கு இயல்பு. நாய்க்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, முனையில் வாசலின் தடவி, ஆசனவாயில் மெதுவாக நுழைத்துப் பார்க்க வேண்டும். பெரியவர் ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ளட்டும். முதல் தடவை எப்படி என்று மருந்தகத்திலேயே காட்டச் சொல்லுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை காலையும் மாலையும் பார்த்து எழுதி வையுங்கள். நடந்து களைத்து வந்தவுடன் பார்த்தால் சூடு கூடுதலாகக் காட்டும், ஓய்வில் இருக்கும்போது பாருங்கள். 39.4க்கு மேல் போனால் அது அவசரம். நள்ளிரவானாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும் அழைக்க வேண்டும். உரிய நேரத்தில் ஆண்டிபயாட்டிக்கும் குளுக்கோஸ் நீரும் ஏற்றினால் பெரும்பாலான நாய்கள் பிழைத்துக்கொள்ளும். காலைவரை பார்க்கலாம் என்று விட்டால் சில பிழைக்காது.

காய்ச்சல்தானே என்று வீட்டில் இருக்கும் பனடோலைக் கொடுத்துவிடாதீர்கள். அளவு பிசகினால் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். பிசகாவிட்டாலும் நாம் தேடிக்கொண்டிருக்கும் ஒரே அடையாளத்தை மறைத்துவிடும். இபுப்ரோஃபென் இன்னும் மோசம், பிரெட்னிசோலோனோடு சேர்ந்தால் வயிற்றில் புண் வரும். டெங்கிக் காய்ச்சலுக்குக் கொடுப்பதுபோல் பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். மருத்துவரைக் கேட்காமல் எந்தச் சாறும் எந்தப் பொடியும் வேண்டாம்.

நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் கூடுதலாக இரண்டு தொல்லைகளைத் தருகின்றன. ஒன்று உண்ணி. உண்ணி பரப்பும் காய்ச்சலும் தட்டணுக்களைக் குறைக்கும், கீமோவும் குறைக்கலாம். இரண்டும் சேர்ந்தால் எது காரணம் என்று பிரித்தறிவது கடினம். ஆகவே உண்ணி மருந்தை விடாமல் போடுங்கள், உடம்பில் உண்ணியைக் கண்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்றொன்று எலிச் சிறுநீர் கலந்த தேங்கு நீர். மழைக்குப் பிறகு சாக்கடையோரம் நடத்திச் சென்று குட்டை நீரைக் குடிக்க விடாதீர்கள். நடையை அதிகாலைக்கோ மாலை ஏழு மணிக்கோ வைத்துக்கொண்டால் சூடும் இருக்காது. வழக்கமான தடுப்பூசி நாள் இடையில் வந்தால் போடலாமா என்று கேட்டுவிட்டே போட வேண்டும்.

அடுத்த ஊசிக்கு முன் இரத்தம் எடுத்து நியூட்ரோஃபில்களை எண்ணுவார்கள். எண்ணிக்கை ஏறியிருக்காவிட்டால் ஊசியைச் சில நாள் தள்ளிப் போடுவார்கள். இதைப் பின்னடைவு என்று எண்ணி வருந்த வேண்டாம், அலமாரி நிரம்பும்வரை காத்திருக்கிறார்கள்.

முடிவெடுக்கும் நேரங்கள்

இந்தச் சிகிச்சைக்குப் பல ஆயிரம் ரிங்கிட் செலவாகும். எல்லாக் குடும்பத்தாலும் முடியாது. முடியாதவர்கள் பிரெட்னிசோலோன் மட்டும் கொடுத்து, இருக்கும் வாரங்களை வலியில்லாமல் கழிக்கச் செய்வதும் முறையான கவனிப்புதான். அப்படித் தேர்ந்தெடுத்த அப்பா அம்மாவை யாரும் குறைசொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்றை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். கீமோ வேண்டுமா வேண்டாமா என்பதை ஸ்டீராய்டைத் தொடங்குவதற்கு முன் முடிவு செய்வது நல்லது. ஸ்டீராய்டை மட்டும் சில வாரம் கொடுத்துவிட்டுப் பிறகு கீமோவுக்கு வந்தால், புற்று உயிரணுக்கள் மருந்துக்கு மசியாமல் பழகியிருக்கக்கூடும்.

பிளாக்கியின் கடைசி ஊசியும் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மருந்தகத்துக்கு இனி மாதம் ஒரு தடவை போனால் போதும் என்பார்கள். மீதி நாள்களில் கண்காணிப்பு உங்கள் விரல்களிடம் இருக்கிறது. தாடைக்கு அடியில், தோள்பட்டைக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்புறம் என்று நிணநீர்க் கணுக்களை மூன்று இடங்களில் தொட்டுப் பார்க்கலாம். முட்டிக்குப் பின்னால் உள்ளதுதான் பழகுவதற்கு எளிது. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் காலின் இரு பக்கமும் வைத்து மெதுவாகப் பின்னோக்கி இழுத்தால் சிறு கடலைபோல் ஒன்று நழுவும். நோய் வடிந்திருக்கும்போது அது எந்த அளவில் இருக்கிறது என்று மருத்துவர் முன்னிலையிலேயே தொட்டுப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு வாரம் ஒரு நாள், ஞாயிறு குளிப்பாட்டும் நேரத்தில், இரு பக்கமும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். எடையையும் எழுதுங்கள். சாப்பிட்டதா, நடக்க ஆசையாக வந்ததா, நீங்கள் பள்ளியிலிருந்து வந்தபோது எழுந்து வந்ததா என்பதை வைத்து அந்த நாள் நல்ல நாளா கெட்ட நாளா என்று ஓர் ஓரத்தில் குறியுங்கள்.

கணு பெரிதாகியிருந்தால் மறுநாளே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சீக்கிரம் தெரிந்தால் இரண்டாம் சுற்றுச் சிகிச்சைக்கு வாய்ப்புண்டு, முதல் சுற்றைப் போல நீண்ட காலம் பலன் தராவிட்டாலும் பல நாய்களுக்கு மறுபடி வடியும். சுற்றுக்குப் போகலாமா, இதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசும் நாளில், அந்த நோட்டை மேசைமேல் வைத்து, கடந்த நான்கு வாரங்களில் எத்தனை நல்ல நாள்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள்.